கண் திறந்து கொடுத்த படம்

ராணியின் கண்ணில் சன்னலைக் காணவில்லை.

கிறிஸ்டி முதலில் அதைத் தன் கண்கோளாறு என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து கம்ப்யூட்டர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கண் பூக்கத்தானே செய்யும். எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெளியே குற்றாலத்துச் சாரல் மேலகரம் வரைக்கும் வந்து நனைத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் என்று கடிகாரம் சொன்னால்தான் உண்டு, தெருவெல்லாம் பொழுதடைந்த மாதிரி மங்கிக் கிடந்தது. நசநசவென்ற ஈரத்தில் சுவர், துணி, காகிதம் எல்லாம் ஒரே வாடை அடித்தன.

மாடிவீட்டு முன்னறைதான் அவளுடைய ஸ்டுடியோ. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெருவில் பாதிப் பேருக்கு விளங்காது. அருவியில் குளிக்க வருகிறவர்களைப் படம்பிடித்துக் கொடுக்கிறாள் போல என்று விட்டுவிடுவார்கள். அவள் செய்வது வேறு. ஒரு பெண்ணுக்குச் சரிகைப் புடவையும் கவரிங் நகையும் மாட்டி, சாம்பல்நிறத் துணிக்கு முன்னால் நிறுத்தி, முகத்துக்கு ஒரு படம், கைக்கு ஒரு படம், புடவை மடிப்புக்கு ஒரு படம் என்று தனித்தனியாக எடுப்பாள். நல்லது நல்லதாகப் பொறுக்கி ஒரே உடம்பாக ஒட்டுவாள். பின்னால் ஐந்தருவியைக் கொட்டவிட்டு, அதன்மேல் திரையிலேயே தூரிகை ஓட்டி, அரண்மனைச் சுவரில் தொங்கும் பழைய எண்ணெய் ஓவியம்போல ஆக்கிவிடுவாள். வேஷம் கட்டி நின்ற பெண்ணே பார்த்துவிட்டு, இது நானா என்று கேட்பாள்.

இன்றைய ராணி அவள் தங்கை ஷாரோன். நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு கிறிஸ்டிக்கென்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒருத்திதான். சாயங்காலத்துக்குள் தென்காசி ஜவுளிக்கடைக்கு ராணி படம் போயாக வேண்டும் என்பதால், இன்னும் ஒன்றிரண்டு படம் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஷாரோன் வேஷத்தைக் கலைக்காமலே உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள்.

கிறிஸ்டி ராணியின் கண்ணைப் பெரிதாக்கினாள். படமெல்லாம் கிழக்குச் சன்னல் வெளிச்சத்தில் எடுத்தவை. கருவிழியில் அந்தச் சன்னல் கம்பியோடு குட்டியாக விழுந்திருக்கும், படத்துக்கு உயிர் கொடுப்பதே அந்த வெளிச்சம்தான். இப்போது அந்த இடத்தில் நீளவாக்கில் ஒரு டியூப்லைட் தெரிந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஏதேதோ உருண்டைகள். இன்னும் பெரிதாக்கினாள். தலைகள். மேலிருந்து குனிந்து பார்க்கிற தலைகள்.

வேறு படம் ஏதும் கலந்துவிட்டதோ என்று, கை வைக்காத மூலப் படத்தைத் திறந்தாள். அதிலும் டியூப்லைட். அதிலும் தலைகள். ஒரு பெண் வாயை முந்தானையால் பொத்தியிருப்பதுகூடத் தெரிந்தது.

அந்த டியூப்லைட்டை அவள் பார்த்திருக்கிறாள், இன்று காலையில்தான்.

காலையில் சுரண்டையிலிருந்து செல்லச்சாமி என்று ஒருவர் போன் பண்ணியிருந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அம்மாவுக்குன்னு ஒரு போட்டோ கிடையாது தங்கச்சி. கேமராவக் கண்டாலே ஓடிருவா. ஆதார்ல உள்ளதப் பாத்தா யாரோ மாரி இருக்கு. மிலிட்டரிக்கார அண்ணன் வாரதுக்குள்ள ஃப்ளெக்ஸ் கட்டணும். கொஞ்சம் கண்ணத் திறந்து குடுங்க." கூடவே ஒரு படம் வந்தது. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் முத்துவடிவு ஆச்சி, நெற்றியில் ரூபாய் நாணயம், கண்கள் மூடி. தலைக்கு மேலே பந்தலும் டியூப்லைட்டும் கண்ணாடியில் மின்னின.

போட்டோ இல்லாமல் இறந்தவர்களுக்குக் கண் திறந்து கொடுப்பது இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களில் அடிக்கடி வருகிற வேலைதான். வைக்கிற கண்ணை இறந்தவர் பெற்ற பிள்ளையிடமிருந்துதான் எடுப்பார்கள். சாங்கியம் என்று யாரும் சொல்வதில்லை, சாடை ஒத்துவரும் என்பார்கள், அவ்வளவுதான். கிறிஸ்டியும் செல்லச்சாமியின் படத்தைக் கேட்டு வாங்கினாள். அந்தக் கண்கள் அழுது வீங்கி, சிவந்து, பாதி மூடிக் கிடந்தன. எதற்கும் ஆகாது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் துல்கர்னைன் வேறு மெஷின் சும்மா நிற்கிறது என்று அவசரப்படுத்தினார். பக்கத்திலேயே ஷாரோனின் படம் திறந்திருந்தது. கிறிஸ்டி அந்தக் கண்ணை எடுத்து ஆச்சிக்கு வைத்தாள். இமையில் சுருக்கம் போட்டு, தூரிகையால் கொஞ்சம் மங்கவிட்டாள். அம்சமாகப் பொருந்தியது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு அனுப்பியும் விட்டாள்.

"அக்கா."

உள்ளேயிருந்து ஷாரோன் கூப்பிட்டாள்.

"யாரும் வந்திருக்காவளா?"

"இல்லியே. ஏன்?"

"யாரோ குனிஞ்சு குனிஞ்சு பாக்காவ."

கிறிஸ்டி உள்ளே ஓடினாள். அறையில் யாரும் இல்லை. ஆனால் வாசலைத் தாண்டியதுமே ரோஜாமாலையும் ஊதுவத்தியும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. சர்ச்சுக்குப் போகிற வீட்டில் ஊதுவத்தி கிடையாது. ஷாரோன் மல்லாந்து கிடந்தாள். கிரீடமும் ஒட்டியாணமும் அப்படியே இருந்தன. தொட்டுப் பார்த்தபோது கை ஐஸ்கட்டியாகக் குளிர்ந்தது.

"என்னட்டி செய்யுது? எந்திரி."

"எந்திக்க முடியலக்கா. எதுவோ மேல மூடி இருக்கு. கண்ணாடி மாரி."

கிறிஸ்டி குனிந்து தங்கையின் கண்ணுக்குள் பார்த்தாள். முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் தன் முகம் அதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. டியூப்லைட் தெரிந்தது. ஒரு கிழவர் குனிந்து, பார்த்து, தலையை ஆட்டிவிட்டு விலகினார்.

அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். பயம் என்றால் என்னவென்று அதுவரை அவளுக்குத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஓடி, ஆச்சி படத்தைத் திறந்து, தான் வைத்த கண்களை அழித்தாள். பழையபடி மூடிய இமைகள். சேமித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஷாரோன் அப்படியேதான் கிடந்தாள்.

துல்கர்னைனைக் கூப்பிட்டாள். "பாய், அந்தச் சுரண்டை ஃப்ளெக்ஸக் குடுத்துராதிய."

"அது அப்பவே போய் பந்தல்ல கட்டியாச்சேம்மா. என்ன, எழுத்துப்பிழையா?"

அடுத்து செல்லச்சாமி. போனை எடுத்ததும் பின்னால் கொட்டுச் சத்தம்.

"அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன். அந்த ஃப்ளெக்ஸ அவுத்துருங்க. இப்பமே கிழிச்சுப் போடுங்க."

"என்னம்மா இப்படிச் சொல்லுதிய? அண்ணன் மணிமுத்து வந்துட்டான். அந்தப் போட்டோவப் பாத்துத்தான் வாய்விட்டு அழுதான். அம்மா உசுரோட பாக்கா மாரியே இருக்குன்னு சனமெல்லாம் சொல்லுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்டிக்குள்ள அம்மா கண்ணு திறந்துட்டு. மூடிவிட்டாலும் திறந்துக்கிடுது. ஓரத்துல தண்ணி வருது. ஐஸ் உருகுததுதான்னு பெரியவுக சொல்லுதாவ."

"ஐஸ் இல்ல அண்ணாச்சி! அது என் தங்கச்சி. அடக்கம் பண்ணிராதிய. அவ உசுரோட இருக்கா!"

"சாவு வீடும்மா இது," என்றார் செல்லச்சாமி. கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. "மழ வலுக்கதுக்குள்ள எடுக்கணும். குளிப்பாட்டக் கூப்பிடுதாவ. வைக்கேன்."

அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. சுரண்டைக்கு வண்டியில் பறந்து போனாலும் நேரம் ஆகும். இவளை இப்படித் தனியே போட்டுவிட்டு எப்படிப் போவது? தூக்கிப் பார்த்தாள். கட்டிலோடு ஆணி அடித்ததுபோல ஷாரோன் அசையவில்லை.

"அக்கா, தண்ணி ஊத்துதாவ."

தலையணை நனைந்துகொண்டிருந்தது. கிரீடத்துக்கு அடியிலிருந்து முடி சொட்டியது. சீயக்காய் வாடை.

"தூக்குதாவக்கா. ஆடுது. எனக்குப் பயமா இருக்கு."

"நான் இங்கனதான் இருக்கேன். என்னப் பாரு. என்னையே பாரு."

"கரண்டு கம்பி போகுது... வேப்பமரம்... பூவா வீசுதாவ..."

கிறிஸ்டி ஜெபிக்க வாயைத் திறந்தாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். தோளைக் குலுக்கினாள். வெளியே சாரல் நின்று, மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. முன்னறையில் ராணி படமும் அணைந்தது.

ஷாரோன் இருமினாள்.

உதட்டில் என்னவோ ஒட்டியிருந்தது. கிறிஸ்டி விரலால் தொட்டு எடுத்தாள். பச்சரிசி. வழித்துப் போடப் போட, உள்ளேயிருந்து வந்தது.

வாய்க்கரிசி.

"துப்பு! ஷாரோன், துப்புட்டி!"

"துணி போடுதாவ. முகத்துல. வேண்டாம்னு சொல்லுக்கா."

"வேண்டாம்! வேண்டாம்!" காலி அறையைப் பார்த்துக் கிறிஸ்டி கத்தினாள்.

ஷாரோன் கண்ணைச் சிமிட்டினாள். எதுவோ மேலே விழுந்ததைப்போல. மறுபடி சிமிட்டினாள். மறுபடி. முதலில் ஒவ்வொன்றாக. பிறகு இடைவிடாமல்.

"இருட்டுதுக்கா."

"என் கையப் பிடிச்சுக்கோ."

"எங்க இருக்கு ஒன் கை?"

கிறிஸ்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு கையாலும். வளையல் நெரியும் அளவுக்கு இறுக்கமாக.

"அக்கா..."

அதோடு பேச்சு நின்றது. மூச்சும் நின்றது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. கிறிஸ்டி தங்கையின் நெஞ்சில் தலையை வைத்து, எதுவும் கேட்காமல், கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

பிறகு அந்த நெஞ்சு மேலே எழும்பியது.

நீளமாக ஒரு மூச்சு. இன்னொன்று. கை சூடேறியது. ஷாரோன் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கரண்டும் வந்தது. கிறிஸ்டி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகையும் சிரிப்புமாக, கர்த்தரே, கர்த்தரே என்று அந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஷாரோன் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினாள். கொடுத்ததும் அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள்.

போன் அடித்தது. செல்லச்சாமி. கிறிஸ்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். என்ன பேசினோமோ, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

"முடிஞ்சிட்டும்மா," என்றார். குரல் சரியில்லை. பின்னால் மழை கொட்டும் இரைச்சல். "மண்ணத் தள்ளி மூடியாச்சு. நீங்க சொன்னதக் கேட்டு எனக்கு மனசே சரியில்ல, அதான் கூப்பிட்டேன். கடைசியா முகத்த மூடும்போது அம்மா உதடு அசைஞ்சுது. நான் பாத்தேன். அண்ணனும் பாத்தான். 'அக்கா'ன்னு சொன்னாப்புல இருந்துது. எங்க அம்மாவுக்கு அக்காவே கிடையாதும்மா. வீட்டுக்கு அவதான் மூத்தவ."

சுரண்டையில், புது மண்ணுக்கு அடியில், இருட்டில்... அதற்கு மேல் கிறிஸ்டியால் நினைக்க முடியவில்லை. மெல்லத் திரும்பினாள்.

கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஈர முடியை ஒரு கையால் முறுக்கிக் கொண்டையாக முடிந்துகொண்டிருந்தாள் ராணி. கடைவாயில் ஒட்டியிருந்த அரிசியை நாக்கால் தடவி உள்ளே இழுத்து மென்றாள். பிறகு, வளையல் குலுங்க, உள்ளங்கையை நீட்டினாள்.

"செல்லச்சாமிதான பேசுதான்? போன இங்கன தா, ஏட்டி. மூத்தவன் சாப்பிட்டானான்னு கேக்கணும்."