ஆட்டுக்குட்டி பாடும் இடம்

அவசரக்குடுக்கை என்று முழுசாகக் கூப்பிட நேரம் இல்லாததால், வீட்டில் எல்லாரும் அவளைக் குடுக்கை என்றே கூப்பிட்டார்கள்.

செருப்பின் வாரை மாட்டுவதற்குள் குடுக்கை தெருவில் நிற்பாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அதனால் பாதி நேரம், யாரும் கேட்காத கேள்விக்குத்தான் அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இந்த அவசரம் யாரிடமிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை. அம்மாவிடமிருந்துதான் வந்தது. பேருந்தில் நடத்துநராக இருந்த அம்மா, கடைசிப் பயணி காலை உள்ளே வைப்பதற்குள் மணி அடித்துவிடுவார் என்று ஊரே சொல்லும். அது போதாதென்று வீட்டில் ஓர் ஆதாரமும் இருந்தது. அது ஒரு கறுப்பு இசைத்தட்டு.

அம்மா சிறுமியாக இருந்தபோது பள்ளிப் பாடகர் குழுவில் பாடினார். அந்தக் குழுவின் பாட்டை ஒரு தடவை இசைத்தட்டாகப் போட்டார்கள். பட்டம் விடுகிறதைப் பற்றிய பாட்டு அது. நடுவில் ஓர் இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் ஒன்றாகச் சேர்ந்து "மேலே மேலே" என்று பாட வேண்டும்.

எல்லாரும் நின்றார்கள். அம்மா நிற்கவில்லை. அந்த அமைதிக்கு நடுவில் ஒரே ஒரு சின்னக் குரல் மட்டும் "மே" என்று கேட்கும். அப்புறம்தான் மற்றவர்கள் பாடுவார்கள்.

அம்மாவின் அக்கா, அதாவது குடுக்கையின் பெரியம்மா, அதே குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். அன்றிலிருந்து தங்கைக்கு அவர் வைத்த பெயர் ஆட்டுக்குட்டி.

பெரியம்மா தூரதேசத்தில் இருந்தார். அவரிடம் இருந்த தட்டு வீடு மாறும்போது உடைந்து போய்விட்டது. இப்போது பல வருஷம் கழித்து வரப்போகிறார்.

"சனிக்கிழமை வந்துடுவேன். சாப்பாடு அப்புறம். மொதல்ல ஆட்டுக்குட்டியக் கேக்கணும்," என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அம்மா அன்று முழுக்க அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வீட்டை ஒழுங்குபடுத்தினார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அது குடுக்கைக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாளாக அந்தத் தட்டு சரியாகப் பாடவில்லை. தட்டு சுற்றும்போது அதன் மெல்லிய வரிகளுக்குள் ஓர் ஊசி ஓடும். ஊசி சின்னது, எறும்பின் கால் அளவுகூட இராது. சரியாக "மே" வரும் இடத்தில் அந்த ஊசி எகிறிக் குதித்து அடுத்த வரிக்குப் போய்விடும். ஆட்டுக்குட்டியைத் தாண்டிவிடும்.

'பெரியம்மா வர்ற அன்னைக்கு இப்படிக் குதிச்சா என்ன ஆகும்?' என்று குடுக்கை யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வதே தப்பு. யோசிக்கத் தொடங்குவதற்குள் அவளுக்கு ஒரு வழி தோன்றிவிட்டது.

ஊசி எகிறுகிறது என்றால் அது கனமில்லாமல் இருக்கிறது. கனம் வைத்தால் எகிறாது. அவ்வளவுதானே?

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் அழிரப்பரை எடுத்தாள். இசைத்தட்டுப் பெட்டியில் ஊசி பொருத்திய கையின் தலைமேல் அதை வைத்து நூலால் கட்டினாள். தட்டைச் சுழலவிட்டாள்.

ஊசி குதிக்கவில்லை. "மே" என்று கேட்டது.

குடுக்கைக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடியும் போட்டாள். மறுபடியும் "மே". ஒரு வேளை தற்செயலாக இருக்குமோ என்று இன்னொரு தடவை போட்டாள். பிறகு கேட்க நன்றாக இருக்கிறதே என்று போட்டாள். அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வைத்தாள்.

எத்தனையாவது தடவையோ, "மே" கொஞ்சம் கரகரத்தது. அதற்கடுத்த தடவை கோணிப்பையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த தடவை அந்தச் சத்தம் மட்டும்தான் வந்தது.

குடுக்கை அவசர அவசரமாக நூலை அவிழ்த்தாள். ரப்பர் இல்லாமல் போட்டாள். அப்போதும் அதே கரகரப்புதான். மற்ற குரல்கள்கூட எங்கோ போர்வைக்குள் இருந்து கேட்டன. ஆட்டுக்குட்டியைக் காணவே இல்லை.

அவள் கையில் இருந்த ரப்பரைப் பார்த்தாள். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் நான் கேட்டு முடிக்கற வரைக்கும் சும்மா இருந்த?"

குடுக்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. பெரியம்மா வருகிற மகிழ்ச்சியில் இருந்தார். "சரி, சாப்பாட்டு மேசைய நல்லாத் தொடச்சு வை. உங்க பெரியம்மா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாப்பா," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

பள்ளிக்குப் போகும் முன் குடுக்கை மேசையைத் தேய்த்தாள். இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு நீள இடுக்கு. அதில் அழுக்கு. அடிக்கோல் முனையால் சுரண்டினாள். மேலாக இருந்தது மட்டும் வந்தது. இடுக்கின் ஓரங்கள் கீறிக் கிடந்தன. ஒரு குண்டூசியை எடுத்து ஆழமாக விட்டு இழுத்தாள். அடியில் இருந்த மரம் புதுசாக, வெளுப்பாக இருந்தது. அங்கே இதுவரை எதுவும் போய் உரசியதே இல்லை.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மேசை சுத்தமாகிவிட்டது. மனசு ஆகவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடி, இசைத்தட்டுப் பெட்டிக் கையின் தலையை ஊசியோடு கழற்றி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பாவின் கடைக்குப் போனாள். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பொடித் திருகாணிகளைப் பார்க்க அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு.

"அப்பா, இத அதுல வெச்சுப் பாருங்களேன்."

அப்பா பார்த்தார்.

"முனையே இல்லையே. உளி மாதிரி தேஞ்சு போயிருக்கு," என்றார். பிறகு தலை நிமிர்ந்தார். "இது நம்ம வீட்டு ஊசியா?"

குடுக்கை எல்லாவற்றையும் சொன்னாள். ரப்பரைச் சொன்னாள், நூலைச் சொன்னாள், திரும்பத் திரும்பப் போட்டதைச் சொன்னாள். வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

அப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும், கண்ணாடி பழசாயிடுச்சு மாத்துங்க, மாத்துங்கன்னு தொண்டத்தண்ணி வத்தச் சொல்றேன். இந்த ஊசிய மாத்தணும்னு எனக்குத் தோணல பாரு. பாடுதே, பாடுதேன்னு விட்டுட்டேன். அதனாலதான் அது குதிச்சிருக்கு."

"ஆனா ரப்பர் வெச்சது நான்தானேப்பா?"

"ஆமா," என்றார் அப்பா. "அது நீதான்."

இருவரும் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த ரேடியோ கடைக்குப் போனார்கள். அங்கே பழைய பெட்டிகளுக்கு நடுவே ஓர் அக்கா உட்கார்ந்து கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை ரேடியோ அக்கா என்பார்கள்.

நடந்ததைக் கேட்டுக்கொண்டே அக்கா அந்தத் தலையைத் திருப்பிப் பார்த்தார். "ஊசியப் பிடிச்சிருக்கற இந்தக் கார்ட்ரிட்ஜ் நல்லா இருக்கு. ஊசி மட்டும்தான் போச்சு," என்று சொல்லி, ஊசியை முன்பக்கம் இழுத்தார். மேசை இழுப்பறை மாதிரி அது கழன்று வந்தது. "இதே மாதிரி புதுசு மாட்டினாப் போதும்."

"இருக்கறதுலயே ஒசத்தியாக் குடும்மா," என்றார் அப்பா.

"ஒசத்தின்னா கார்ட்ரிட்ஜையே மாத்தணும் சார். அது உங்க பெட்டியோட கைக்கு ஒத்து வராது. சைக்கிளுக்கு லாரிச் சக்கரம் மாட்டின கதையாயிடும்." அக்கா இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்து வைத்தார். "இதுக்குப் பொருந்தறது ரெண்டு இருக்கு. இது உங்க பழைய ஊசி மாதிரியே உருண்ட முனை. இது கொஞ்சம் ஒடுங்கின முனை."

அப்பா உருண்டை முனையை எடுத்தார். "பழசு மாதிரியே இருக்கட்டும். பழகினது."

வழக்கமாக இருந்தால் குடுக்கை அதற்குள் வாசலுக்குப் போயிருப்பாள். இன்று நின்றாள். மேசை இடுக்கு ஞாபகம் வந்தது. அடிக்கோல் சுரண்டிய ஓரங்களும், குண்டூசி போய்த் தொட்ட வெளுத்த மரமும் கண்ணில் தெரிந்தன.

"அக்கா, பழைய ஊசி மாதிரியே போட்டா, அது பழைய ஊசி சுரண்டின இடத்துலயேதானே உரசும்?"

"ஏறக்குறைய, ஆமா."

"இந்த ஒடுங்கினது இன்னும் கொஞ்சம் கீழ போகுமா? எதுவும் போகாத இடத்துக்கு?"

ரேடியோ அக்கா பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். "போகும். அங்க நல்லா இருந்தா நல்லாக் கேக்கும். ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். பாரம் வெச்சுப் போட்டிருக்க. அங்கயும் கிழிஞ்சிருந்தா, கிழிஞ்சதுதான். எந்த ஊசியாலயும் தைக்க முடியாது."

அவர்கள் ஒடுங்கின முனையை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் அதை மாட்டி, அக்கா சொன்னபடி கையின் பின்பக்கத்து எடையைத் திருகிச் சரிசெய்தார் அப்பா.

"இப்பவே போட்டுப் பாத்துடலாமா?" என்றார். அவருக்கே அவசரம் வந்துவிட்டது.

குடுக்கை மறுத்துத் தலையாட்டினாள். "வேண்டாம்ப்பா. மொதல்ல அம்மாகிட்ட சொல்லணும். பெரியம்மா வரட்டும், ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடறேன்."

சனிக்கிழமை பெரியம்மா வந்தார். வாசலிலேயே தங்கையைக் கட்டிக்கொண்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல், "எங்கடி ஆட்டுக்குட்டி?" என்று கேட்டார்.

குடுக்கை இசைத்தட்டுப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலை குனிந்தபடி முழுவதையும் சொன்னாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த வயசுல நான் எப்படி இருந்தேங்கறதுக்கு வேற எதுவுமே என்கிட்ட இல்லடி," என்றார் அம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் குடுக்கைக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"அம்மா, மன்னிச்சுக்கோம்மா."

அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போடு. இருக்கறதக் கேப்போம்."

குடுக்கை ஊசியை மெதுவாக இறக்கினாள்.

பாட்டு தொடங்கியது. போர்வையை விலக்கிய மாதிரி குரல்கள் பளிச்சென்று கேட்டன. பின்னால் வாசித்த ஆர்மோனியம்கூடத் தனியாகத் தெரிந்தது. "அட," என்றார் அப்பா. அந்த இடம் நெருங்கியது. எல்லாக் குரல்களும் நின்றன.

"டப்."

அவ்வளவுதான். ஒரு வெடிப்புச் சத்தம். "மே" இருந்த இடத்தில் அதுதான் இருந்தது. ஆட்டுக்குட்டி போயே போய்விட்டது.

குடுக்கையின் கண்கள் நிறைந்தன. ஆனால் மற்றவர்கள் "மேலே மேலே" என்று தொடங்குவதற்கு முன், ஒரு நூலிழை நேரத்தில், இன்னொன்று கேட்டது. மிக மெல்லியதாக.

"ஷ்ஷ்."

பெரியம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு அது?" என்றாள் குடுக்கை.

"நான்தான்," என்றார் பெரியம்மா. "இவ முந்திட்டான்னு கையக் கிள்ளி, ஷ்ஷ்னு அடக்கினேன். அது தட்டுல விழுந்திருக்கும்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாது."

"எனக்கும்தான்," என்றார் அம்மா. "கிள்ளினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

பழைய உருண்டை ஊசி அந்தச் சத்தத்தை ஒரு நாளும் எட்டித் தொட்டதில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. குடுக்கையால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காகப் போனது திரும்பி வந்துவிடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த "டப்" இனி எப்போதும் அங்கேயே இருக்கும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் பெரியம்மா.

குடுக்கை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தலையசைத்த பிறகுதான் ஊசியை எடுத்து வைத்தாள்.

பாட்டு ஓடியது. குரல்கள் நின்றன. வெடிப்பு வரப்போகிறது என்று குடுக்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மே," என்றது ஒரு குரல்.

கண்ணைத் திறந்தாள். பாடியது அம்மா. காணாமல் போன இடத்தைத் தானே நிரப்பப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம்தான் தட்டில் "டப்" என்று வந்தது.

அம்மா இந்தத் தடவையும் முந்திவிட்டார். பெரியம்மா அவர் கையைக் கிள்ள, குடுக்கை எல்லாருக்கும் கடைசியாகச் சிரித்தாள்.