பெரியவர் விடாத மூச்சு

பெட்டியைத் திறந்தபோது பெரியவரின் மார்பு உயர்ந்திருந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் அதில் ஒரு விஷயமும் இருந்திருக்காது. பெரியவர் ஒரு பொம்மை. ஆள் உயரம், காகிதக்கூழில் செய்த தலை, மரத்தில் இழைத்த கைகள், பிரம்பு வளையங்களின்மேல் துணி தைத்த மார்பு. முதுகில் ஒரு பிடி உண்டு. அழுத்தினால் வளையங்கள் விரிந்து மார்பு எழும், விட்டால் தணியும். அவருடைய உயிர் அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அந்தப் பிடி அவள் கையில் இருக்கிறது. கை இல்லாதபோது மார்பு தணிந்தே கிடக்க வேண்டும் என்பது, தன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப்போல அவளுக்குத் தெரிந்த ஒன்று.

அவர்களுடையது ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு. மேடையில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். முகமூடி, உடம்பு, பொம்மை, இவை போதும். பெரியவரை ஆட்ட மூன்று பேர் வேண்டும். தலையும் வலது கையும் மூச்சும் அவள் பொறுப்பு என்பதால் குழுவில் அவளுக்குத் ‘தலை’ என்றே பெயர். இடது கையை ஆட்டுகிறவர் ‘கை’, தொந்தியும் சிரிப்பும் ஒரே அளவில் வாய்த்த மனிதர். தரையோடு தரையாகக் குனிந்து பாதங்களை நகர்த்துகிறவன் ‘கால்’, அவளுடைய சொந்தத் தம்பி. அவன் தன் இஷ்டத்துக்கு ஓரடி கூடுதலாக வைத்துவிட்டால், தலையிருக்க வால் ஆடலாமா என்று கை கேட்பார். தினமும் கேட்பார். தினமும் சிரிப்பார்.

தம்பிக்குச் சின்ன வயதில் இழுப்பு. அம்மா வேலைக்குப் போன பகல்களில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் மார்பு எழுகிறதா, தணிகிறதா என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் அவள். பொம்மைக்கு மூச்சுக் கொடுக்கும் வித்தையை அவள் வேறெங்கும் படிக்கவில்லை. இப்போது அவனுக்கு முப்பது ஆகப்போகிறது. ஆனாலும் அவன் சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் அவள் மேடை ஏறுவதில்லை. அவனுக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

வெளியே பகல் ஒன்றரை மணி வெயில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தது. அரங்கத்துக்குள் ஜன்னலே கிடையாது. நான்கு பக்கமும் கறுப்புத் திரை, நடுவில் ஒற்றை விளக்கு, அதன் கீழே பெரியவரின் பெட்டி, மூலையில் எங்கோ ஏசியிலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம். முகமூடி நடிகர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்.

அவள் முதுகுத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். பிடியையும் வளையங்களையும் இணைக்கும் கயிறு அறுந்து தொங்கியது. அப்படியென்றால் வளையங்களை விரித்துப் பிடித்திருப்பது எதுவும் இல்லை. உள்ளங்கையால் மார்பை அமுக்கினாள். தணியவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது பசையும் சாயமும் கலந்த பழகிய வாசனை வரவில்லை. காய்ச்சலில் வாய் திறக்காமல் படுத்திருந்தவரின் வாடை வந்தது. வாய்த் துளைக்குள் ஒட்டியிருந்த மெல்லிய துணி ஈரமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு முந்தாநாள் நினைவுக்கு வந்தது.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சை இழுப்பார். பிறகு அதை மெல்ல மெல்ல விடுவார். அடுத்த மூச்சை இழுக்க மாட்டார். முந்தாநாள் அவர் இழுத்து முடித்த நொடியில் கரண்ட் போனது. ஜனங்கள் பத்து நிமிடம் செல்போன் வெளிச்சத்தில் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார்கள். லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசிக் காட்சி நடக்காத நாளிலும்கூட, வெறும் ஒத்திகை நாளிலும்கூட, மூன்று பேரும் உட்கார்ந்து அந்த மூச்சை விட்ட பிறகே அவரைப் பெட்டியில் படுக்க வைப்பது வழக்கம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ஒன்பது வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

“அண்ணே, முந்தாநாள் இவரோட மூச்ச விட்டமா?” என்று ‘கை’யிடம் கேட்டாள்.

“எங்க விட்டோம்? அந்த லாரிக்காரன்தான் நம்ம மூச்ச வாங்கிட்டானே.” சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

அவள் நேராக டைரக்டரிடம் போய், இன்றைக்குக் கடைசிக் காட்சி வேண்டாம் என்றாள். அது இல்லாமல் நாடகமே இல்லை என்றார் அவர். பொம்மையில் கோளாறு என்றாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று அவர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் தலையை நீங்களே பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவரோ, ஒரே ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம், கோளாறு இருந்தால் வெட்டிவிடலாம் என்று இறங்கி வந்தார். சரிதான் என்று தோன்றியது. பேயாவது பிசாசாவது, அறுந்தது கயிறு. புதுக் கயிறு கட்டினாள்.

கறுப்பு உடை. கறுப்புக் கையுறை. தலையை மூடும் கறுப்புத் துணி. துணியைப் போட்டுவிட்டால் ஆட்டுகிறவர்கள் இல்லாதவர்கள். பேசக் கூடாது, இருமக் கூடாது, தலை பொம்மையைக் கீழே வைக்கும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. தம்பி மாதிரி அந்த விதியைக் காத்தவர்கள் குழுவில் இல்லை. ஒருமுறை ஆணி குத்தி ரத்தம் வழிய வழியப் பாதங்களை நகர்த்தியவன் அவன்.

பெரியவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டைரக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். எண்ணிக்கை கிடையாது, சைகை கிடையாது. தலை மூச்சிழுத்தால் மற்ற இருவரும் இழுக்க வேண்டும், விட்டால் விட வேண்டும். மூன்று உடம்பும் ஒரே மூச்சாகும்போதுதான் பொம்மை பிழைத்தெழும் என்பது இந்த வேலையின் அடிப்படை. அவள் பிடியில் விரலை வைத்தாள்.

அழுத்தவில்லை.

மார்பு தணிந்தது. எழுந்தது. மறுபடி தணிந்தது. துணிக்குள் பிரம்பு லேசாகக் கிரீச்சிட்டது. ஒன்பது வருடப் பழக்கத்தில் அவளுடைய விலா எலும்புகள் அவளைக் கேட்காமலே அதோடு சேர்ந்துகொண்டன. அவர் இழுத்தபோது இழுத்தாள். அவர் விட்டபோது விட்டாள். ஒவ்வொரு முறையும் இடைவெளி கொஞ்சம் நீண்டது. வாளியில் ஒரு சொட்டுக்கு ஒரு மூச்சு என்றிருந்தது, மூன்று சொட்டுக்கு ஒன்றானது, பிறகு ஐந்துக்கு.

இடது பக்கத்தில் கை தடுமாறினார். முகத்துணியைப் பிய்த்து எறிந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் தள்ளி வெயிலுக்குள் விழுந்தார். டைரக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பெரியவரின் இடது கை பிடிக்க ஆளில்லாமல் தொங்கியது.

தம்பி நகரவில்லை. தலை இன்னும் பொம்மையைக் கீழே வைக்கவில்லையே. காலடியில் குனிந்த முதுகு மட்டும் அவளுக்குத் தெரிந்தது, கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக. அது எழுந்தது. பெரியவரின் மார்போடு சேர்ந்து எழுந்தது. நீளமாக. மிக நீளமாக. அந்த இழுப்பின் முடிவில், துணிக்குள்ளிருந்து, மெல்லிய விசில். கட்டில் ஓரத்தில் கேட்ட அதே விசில். எத்தனை வருடமானாலும் அவளால் மறக்க முடியாத சத்தம்.

பிறகு பெரியவர் விட ஆரம்பித்தார்.

முந்தாநாளின் மூச்சு. அவள் கன்னத்தில் பட்டது. பழைய வாடை. தம்பியின் முதுகு அங்குலம் அங்குலமாகத் தணிந்தது. அவள் நெஞ்சும் காலியாகிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்தது. இது முடிந்தால் அடுத்தது கிடையாது. அவருக்கும் கிடையாது. அவனுக்கும் கிடையாது.

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்துணிக்குள்ளிருந்து பேசினாள்.

“பெரியவரே. விடாதீங்க.”

அவர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என் தம்பிய நான் உங்களுக்காக வளக்கல.”

பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒன்பது வருடம் தன் மூச்சைத் தின்று பிழைத்த காகிதக்கூழ் இன்றைக்குத் தன் வீட்டுக்குள்ளேயே கை வைக்கிறதே என்ற கோபம். முகத்துணியைப் பிடுங்கி எறிந்தாள். பெரியவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அந்த ஈரத் துளையில் வாயை வைத்து, நெஞ்சில் மிச்சமிருந்த அத்தனையையும் ஊதினாள்.

மார்பு நின்றது. தயங்கியது. எழுந்தது.

காலடியில் முதுகு எழுந்தது.

மூக்கால் இழுத்தாள். ஊதினாள். காலை நீட்டித் தம்பியின் தோளில் உதைத்தாள். அவன் மல்லாந்து விழுந்தான். உருண்டான். மேடையின் ஓரத்துக்குத் தவழ்ந்தான். பை. இன்ஹேலர். புஸ். மறுபடி ஒரு புஸ். உலகத்தில் அதைவிட நல்ல சத்தத்தை அவள் கேட்டதில்லை. அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

“அக்கா.” திரைக்குப் பக்கத்திலிருந்து அவன் குரல். “விட்டுரு. வந்துரு.”

வாயை ஒரு விரல் அளவு எடுத்தாள். மார்பு தணிந்தது. ஓரத்தில் அவன் இருமல் சட்டென்று அறுந்தது. கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள். தம்பி தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, சத்தமில்லாமல் நின்றான்.

வாயைத் திரும்ப வைத்தாள். ஊதினாள். அவன் இருமினான்.

அப்படியா சங்கதி என்று நினைத்தாள். அவன் கடைசியாக இழுத்தது இதற்குள் இருக்கிறது. இது விட்டுவிட்டால் போயிற்று. சரி. விட வேண்டாம். காய்ச்சல் பகல்களில் அவள் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறாள். தலை கிறுகிறுத்தபோதும் எழுந்ததில்லை. யாருக்கு முதலில் அலுக்கிறது என்று பார்ப்போம். எவ்வளவு நேரமானாலும். காகிதக்கூழா, நானா.

போ என்று தம்பிக்கு விரலை அசைத்தாள். போய் ஆட்களைக் கூட்டி வா என்று. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். ஒவ்வொரு அடிக்கும் அவள் ஊதினாள்.

எதிரே அரங்கத்தின் பெரிய கதவுகள் திறந்தன. நேரம் ஆகிவிட்டதென்று காவலாளி திறந்துவிட்டிருக்க வேண்டும். வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. செருப்புச் சத்தம், நாற்காலிகள் மடங்கி விரியும் சத்தம், டீச்சரின் அதட்டல். கதவுகள் மூடின. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையைப் பார்த்து அடங்கினார்கள். நாடகம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். யாரோ ஒரு பிள்ளை கை தட்டியது. மற்றவர்களும் தட்டினார்கள்.

அவள் இழுத்தாள். ஊதினாள். பெரியவரின் கண்ணாடிக் கண்களை நேருக்கு நேர் பார்த்தபடி, இமைக்காமல்.

இடது பக்கத்தில் மரம் உரசியது.

அங்கே யாரும் இல்லை. கை வெளியே படிக்கட்டில் இருக்கிறார். தம்பி போய்விட்டான். பெரியவரின் இடது கை மெல்ல எழுந்தது. வழி தெரிந்ததுபோல வந்தது. ஐந்து மர விரல்கள், ஒவ்வொன்றாக, அவள் பிடரியில் அமர்ந்தன. அவள் விலக முடியாதபடி, அன்பாக, அழுத்திப் பிடித்துக்கொண்டன.

கை தட்டல் பலமானது. அவள் ஊதினாள்.