எல்லோருக்கும் விற்ற ஒரே பசு

விடியற்காலை சுப்ஹுத் தொழுகை முடிந்து தஸ்பீஹ் மணி பாதி உருண்டிருந்தபோது செல்போன் அலறியது.

"பாக் ஹாஜி... பசு செத்துப் போச்சு."

பேசியவன் ஃபதோனி. கூட்டுறவுச் சங்கத்தின் மேனேஜர்.

"இன்னாலில்லாஹி..." என்றார் ஹாஜி முஸ்தகீம். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்த அதிர்ச்சி. கச்சிதமாக வந்தது.

செல்போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

நேற்றுச் சாயங்காலம் தவிட்டுத் தண்ணீரில் யூரியாவைக் கரைத்த கை!

இந்தோனேசியாவின் போயோலாலி வட்டாரத்தில் ஹாஜி பெரிய புள்ளி. எல்லோருக்கும் அவர் 'பாக்', அதாவது ஐயா. பெயருக்கு முன்னால் நாலு பட்டம். மழை வந்தால் பின்னால் ஒருவன் குடை பிடிக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் தரும் அந்தச் சங்கத்துக்கு ஷரீயத் கண்காணிப்பாளர் அவர்தான்.

பணத்தைக் கொடுத்துக் கூடுதலாக வாங்கினால் ஹராம். அதனால் சங்கமே பசுவை வாங்கி, லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு விற்க வேண்டும். பசு நிஜமாகவே இருக்கிறதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது ஹாஜியின் வேலை.

போட்டார். எல்லாப் பத்திரத்திலும். வீட்டு சோபாவில் சாய்ந்தபடி.

பசு? ஒன்றே ஒன்று. ஃபதோனியின் மாமா வீட்டுக் காது கிழிந்த பசு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடன் கேட்டு வரும் ஒவ்வொரு பெண்ணும் ஃபோட்டோவுக்கு நிற்பாள். வீட்டுக்குக் கொண்டுபோவது பணத்தைத்தான். பெயர் வியாபாரம், காரியம் வட்டி.

இன்று நகரத்திலிருந்து தணிக்கை அதிகாரி வருகிறாள். ஃபோட்டோக்களில் இருக்கும் அதே கிழிந்த காது கொட்டிலில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தால்...?

அதற்குத்தான் யூரியா. ஒரு பிணத்தைக் காட்டி, மாட்டு நோயில் எல்லாம் போச்சு என்று சொல்லிவிடலாம்!

கொட்டில் வாசலிலேயே ஹாஜி நின்றுவிட்டார்.

பசுவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். டெம்பே என்னும் சோயாக் கட்டி விற்கும் வகினி.

ஃபதோனியைத் தனியே இழுத்தார்.

"இவ ஏன் அழறா?"

"அவ பசு, பாக் ஹாஜி."

"என்கிட்டயே கதையா? ஃபோட்டோவுக்கு நின்னவ எல்லாம் சொந்தக்காரியா?"

"இது நிஜம்." ஃபதோனியின் கண்கள் சிவந்திருந்தன. "நேத்து மத்தியானம் மாமாகிட்ட சங்கத்துப் பேர்ல வாங்கினேன். முறைப்படி வகினிக்கு வித்தேன். காலையில ஓட்டிட்டுப் போறேன்னு சொன்னா. நாம செஞ்ச ஒரே ஹலாலான வியாபாரம் இதுதான்."

"திடீர்னு என்னடா வந்துச்சு உனக்கு?"

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல உங்க பயான்... மறுமையில ஒவ்வொரு காசுக்கும் கணக்கு கேப்பாங்கன்னு சொன்னீங்களே. அதுலேர்ந்து தூக்கமே வரல."

ஹாஜிக்குச் சுரீரென்றது. அந்தப் பயானில் அவருக்கே கொட்டாவி வந்தது. ஊரில் ஒருவன் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான்!

கார் வந்து நின்றது. தணிக்கை அதிகாரி கினாசி இறங்கினாள். சுருக்கமாக விசாரித்தாள். பால் விற்றுத்தானே தவணை கட்டுவதாக இருந்தேன், இனி எதை விற்பேன் என்று வகினி விசும்பினாள்.

கினாசி ஹாஜியின் பக்கம் திரும்பினாள்.

"மார்க்கத் தீர்ப்பு சொல்றவர் நீங்கதானே, பாக்? விலை பேசியாச்சு. ஓட்டிட்டுப் போகல. நஷ்டம் யார் தலையில?"

வகினி தலையில் என்றால், செத்த மாட்டுக்கு அவள் தவணை கட்டுவாள். சங்கத்தின் தலையில் என்றால், எப்படிச் செத்தது என்று பசுவின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள். முதல் பதிலுக்கு ஓர் அரபி வாக்கியம்கூட அவர் தொண்டைவரை வந்துவிட்டது.

வகினி நிமிர்ந்து பார்த்தாள். அவர் எதைச் சொன்னாலும் கட்டிவிடுவாள். அல்லாஹ்வின் சட்டம் என்று நம்பி.

வாக்கியம் தொண்டையிலேயே செத்தது.

"கொன்னவன் தலையில," என்றார்.

"யார் கொன்னது?"

"நான்."

ஃபதோனி அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டான்.

கினாசி ஃபைலைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் கிழிந்த காது.

"நேரில் பார்த்தேன், நேரில் பார்த்தேன்னு எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. இத்தனை பொய் எழுதினவர் சொல்றதை நான் எப்படி நம்பறது? யாரைக் காப்பாத்தறீங்க?"

மிச்ச யூரியா மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருப்பதாக ஹாஜி கெஞ்சாத குறையாகச் சொன்னார். வாழ்நாள் முழுக்கப் பொய்யைச் சுலபமாக விற்றவர். உண்மையை வாங்க ஆளில்லை!

வகினி முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கினாசியைப் பார்த்தாள்.

"நான் நம்பறேன், இபு. நேத்து இவர் பசுவுக்குத் தண்ணி காட்டிட்டுப் போனதைப் பார்த்தேன். எவ்வளவு நல்ல மனுஷன்னு துஆகூடச் செஞ்சேன்."

ஹாஜி நிமிரவே இல்லை.

"வேற பசு... நான் தந்துடறேன் உனக்கு."

"பசுவாவே தாங்க, பாக் ஹாஜி," என்றாள் வகினி. "ஃபோட்டோ வேண்டாம்."