நகர்ந்து போன மஞ்சள் பலகை

"இது அரசுத் தரப்பு ஆபீசுங்க. போலீஸ் கூட்டிட்டுப் போன ஆளுக்காகப் பேசோணும்னா நீங்க வெளியில வேற வக்கீலைத்தான் பார்க்கோணும்" என்று பழனிக்குமார் மூன்றாவது முறையாகச் சொன்னான்.

வந்திருந்த பெண் அசையவில்லை. "போர்டு உங்களோடதுதான? 'வேகத்தைக் குறைப்பீர்'னு எழுதி அடியில உங்க ஆபீஸ் பேரத்தான போட்டிருக்கு? அந்தப் போர்டாலதான் என் வீட்டுக்காரரை ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காக. இங்க வராம நான் எங்க போறது?"

உள் அறையிலிருந்து அரசு வழக்கறிஞர் குர்ஷித் பேகம் எட்டிப் பார்த்தார். "அவங்க கேக்குறது நியாயம்தான் பழனி. உள்ள வரச் சொல்லுங்க."

குர்ஷித் பேகம் திண்டுக்கல் நீதிமன்றங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசுத் தரப்பில் வாதாடி வருபவர். விபத்து வழக்குகளை நடத்தி நடத்தி அலுத்துப்போய், விபத்து நடக்காமலே தடுக்க வழி பார்க்கலாமே என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு விழிப்புணர்வுக் கூட்டங்களை ஆரம்பித்தார். ஹெல்மெட் ஊர்வலம், கல்லூரிகளில் போன் மோசடி பற்றிய பேச்சு, ஆபத்தான வளைவுகளில் மஞ்சள் பலகை என்று அது வளர்ந்திருந்தது. நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்து அலுவலக உதவியாளராகச் சேர்ந்த பழனிக்குமாருக்கு இதில் அவரைவிட ஆர்வம் அதிகம். பலகைகளின் வாசகங்களை எழுதியதே அவன்தான்.

வந்தவரின் பெயர் செபாஸ்தியம்மாள். வடமதுரையிலிருந்து வெள்ளைமேட்டுப்பட்டிக்குப் போகும் சாலையில், புளியமரத்தை ஒட்டிய வளைவில் அவரும் கணவர் ஆண்டனிராஜும் டீக்கடை நடத்துகிறார்கள். போன வருஷம் அந்த வளைவில், மல்லிகைத் தோட்டத்துக்குப் போகச் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை லாரி மோதிவிட்டது. அதனால்தான் போன மாதம் அங்கே பலகை வைத்தார்கள். இரண்டு இரும்புக் கால்கள், ஒவ்வொரு காலுக்கும் அடியில் சிமென்ட் நிரப்பிய வாளி.

"சரியா எங்க கடை வாசல்லயே வச்சுட்டாக. கடையே மறைஞ்சு போச்சு. இவரு கோவத்துல, 'ஒருநா இதைத் தூக்கி எறியலேன்னா பாரு'ன்னு நாலு பேரு முன்னாடி கத்திட்டாரு. அதுக்கு மறுவாரமே போர்டு எடம் மாறிக் கெடந்துச்சு. ஊராட்சி ஆளுக எடுத்துட்டு வந்து பழைய எடத்துலயே வச்சாக. மறுநா மறுபடி போயிருச்சு. இன்னைக்கு மூணாந்தடவை. எஸ்.ஐ. வந்து இவரு செருப்புல சேறு இருக்குன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு."

"சேறு எப்படி வந்துச்சு?"

"போர்டு போன எடத்தைப் பார்க்கப் போனாரும்மா! ஊரே போய்ப் பார்த்துச்சு."

"அவரால அதைத் தூக்க முடியுமா?"

"முதுகுவலிக்காரரும்மா. கடை சிலிண்டரையே நாந்தான் உருட்டுறேன்."

குர்ஷித் பேகம் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். சப் இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் உற்சாகமாகப் பேசினார். "மேடம், உங்க போர்டுங்கிறதால நானே நேர்ல பார்க்குறேன். பொதுச்சொத்துத் திருட்டு. ஆளு சிக்கிட்டான். மத்தியானம் எஃப்.ஐ.ஆர். போட்டுருவேன்."

"ஒரு மணி வரைக்கும் பொறுங்க சார். ஆண்டனிராஜையும் கூட்டிக்கிட்டு டீக்கடைக்கு வந்துருங்க. போர்டு இப்ப எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம்."

வாடகைக் காரில் மூவரும் கிளம்பினார்கள். வடமதுரையைத் தாண்டியதும் இருபுறமும் மல்லிகைத் தோட்டங்கள். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. வளைவுக்கு நூற்றைம்பது அடி முன்பாகவே சாலையோரத்தில் மஞ்சள் பலகை பளிச்சென்று நின்றது. குர்ஷித் பேகம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

பழனிக்குமார் குனிந்து பார்த்தான். "மேடம், வாளி ஆடாம இருக்க அடியில தட்டக் கல்லு வச்சிருக்காங்க!"

"கோவத்துல தூக்கிப் போடுறவன் கல்லு தேடி முட்டுக் கொடுப்பானா?"

"மாட்டானுங்க. பள்ளத்துல தள்ளிட்டுப் போயிருவான்."

"பலகை எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?"

"வடமதுரையில இருந்து வர்ற வண்டிக்காரங்க படிக்கிற மாதிரிதானுங்க. நாம வச்சிருந்த மாதிரியே."

"அப்ப இதை நகர்த்தினவங்களுக்கு இதை யாராவது படிக்கணும்கிற ஆசை இருக்கு. நம்ம வாசகத்துக்கு ஒரு ரசிகர் கிடைச்சிருக்காங்க பழனி."

பழனிக்குமார் வெட்கத்தோடு சிரித்தான். பிறகு சேற்றைக் கவனித்தான். பார்க்க வந்தவர்களின் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில், டீக்கடைப் பக்கமிருந்து பலகை வரைக்கும், இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன ரப்பர் செருப்புத் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. வாளியை இழுத்த கோடு எங்குமே இல்லை.

வலது வாளியின் ஓரத்தில் ஒரு துண்டுப் பூச்சரம் நசுங்கிக் கிடந்தது. வாடிய மல்லிகை, இடையிடையே மரிக்கொழுந்து, நாரால் தொடுத்தது. குர்ஷித் பேகம் அதை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

"பூப்பறிக்கிறவங்க தவற விட்டதுங்களா?" என்றான் பழனிக்குமார்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். செபாஸ்தியம்மாள் காதோடு சொன்னார். "அவகதாம்மா கருப்பம்மா. போன வருஷம் லாரி மோதுனது அவகளைத்தான். கால்ல கம்பி வச்சிருக்கு."

குர்ஷித் பேகம் வேலியோரம் போனார். "இங்க பறிக்கிற பூவைத் தொடுத்தா விக்கிறீங்க?"

"இல்ல தாயி. உதிரியாத்தான் மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குப் போகும். இங்க தொடுக்க யாருக்கு நேரம் இருக்கு?" என்ற கருப்பம்மாள், வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டனி அண்ணனை விட்டுருவாகளா?" என்று கேட்டார்.

"அவர் செய்யலேன்னா விட்டுருவாங்க."

"அவரு செய்யல" என்று சட்டென்று சொன்ன கருப்பம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டார்.

வளைவைத் தாண்டி டீக்கடைக்கு நடந்தார்கள். பலகை முதலில் இருந்த இடத்தில் இரண்டு வட்டப் பள்ளங்கள் இருந்தன. அதற்குச் சற்று முன்னால் புளியமரத்தின் ஒரு கிளை சாலையோரமாகத் தாழ்ந்திருந்தது. பெண்கள் தோட்டத்துக்குக் கடக்கும் இடமும் அதுதான்.

"இங்கயே இருந்திருந்தா என்னங்க? போன மாசம் நாம கார்ல வந்து பார்த்தப்ப தூரத்துல இருந்தே நல்லாத் தெரிஞ்சுதுங்களே" என்றான் பழனிக்குமார்.

"நமக்குத் தெரிஞ்சுது." குர்ஷித் பேகம் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ரோட்டுல பஸ் உண்டாம்மா?"

"மினி பஸ் ஒண்ணுதாம்மா" என்றார் செபாஸ்தியம்மாள். "மொத ட்ரிப்பு அஞ்சரைக்கு. பூப்பறிக்கிற பொம்பளைக எல்லாம் அதுலதான் வந்து எறங்குவாக. நாங்க கடை தொறக்குறது ஆறு மணிக்கு. அடுத்தது பன்னெண்டு மணிக்கு வரும்."

"பழனி, உங்களுக்கு ஒரு முக்கியமான வேலை."

"சொல்லுங்க மேடம்!"

"நீங்கதான் பலகை."

செபாஸ்தியம்மாளின் கடை பெஞ்சு பள்ளங்களின் மேல் போடப்பட்டது. பழனிக்குமார் அதன் மேல் ஏறி, ஒரு மஞ்சள் பையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். குர்ஷித் பேகம் காரில் வடமதுரைக்குத் திரும்பிப் போனார்.

பன்னிரண்டு மணி மினி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்தார். டிரைவர் மலைச்சாமிக்கு நாற்பது வயதிருக்கும். முன்கண்ணாடிக்கு மேலே மல்லிகையும் மரிக்கொழுந்தும் சேர்த்துத் தொடுத்த சரம் ஆடிக்கொண்டிருந்தது.

"தினமும் புதுப் பூவா?"

"ஆமா மேடம். காலையில மொத ட்ரிப்புல பழசைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு கட்டிருவேன்." அவர் பேச்சு சகஜமாக இருந்தாலும் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

மஞ்சள் பலகையைத் தாண்டியாயிற்று. பஸ் வளைவை நெருங்கியது. குர்ஷித் பேகம் முன்னால் சாய்ந்து பார்த்தார். புளியங்கிளைக்குக் கீழே ஒரு பேன்ட்டும் இரண்டு ஷூக்களும் மட்டும் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தன. இடுப்புக்கு மேலே இலைதான். கிளையைத் தாண்டி, பிரேக் போட்டாலும் பயனில்லாத தூரத்துக்கு வந்த பிறகுதான் பழனிக்குமாரின் முகமும் மஞ்சள் பையும் தென்பட்டன. வியர்த்து வழிய, ஆனாலும் கம்பீரமாக நின்றான்.

"தெரிஞ்சேனுங்களா மேடம்?" என்று கத்தினான்.

"ஷூ நல்லாப் பளபளன்னு தெரிஞ்சுது!" என்றார் அவர்.

இறங்கும்போது மலைச்சாமியிடம், "செத்த நேரம் பஸ்ஸை எதிர்ப்பக்கம் ஓரங்கட்டிட்டு டீ குடிக்க வாங்க" என்றார். தோட்டத்தில் வேலை முடிந்து அதே பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் இருபது பேர் கடையைச் சுற்றி நின்றார்கள். கருப்பம்மாள் முன்னால் நின்றார். எஸ்.ஐ. மரியசெல்வம் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே தலையைக் குனிந்தபடி ஆண்டனிராஜ். செபாஸ்தியம்மாள் ஓடிப்போய்க் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பலகையை நகர்த்தினது இவர் இல்லை" என்று குர்ஷித் பேகம் ஆரம்பித்தார். "இவருக்குப் பலகை மேல கோவம். கோவப்பட்டவர் அதைப் பள்ளத்துல தள்ளியிருப்பார். கல்லு முட்டுக் கொடுத்து, வண்டிக்காரங்களுக்குத் தெரியற மாதிரி நிறுத்தியிருக்க மாட்டார்."

"ஆனா மேடம், செருப்புல சேறு..."

"சேத்துல போனவரெல்லாம் திருடர்னா இன்னைக்கு உங்க செருப்பையும் என் செருப்பையும் சேர்த்து ஜப்தி பண்ணணும்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"பலகை ஏன் நகர்ந்துச்சு? அதுதான் கேள்வி. அது பழைய இடத்துல இருந்தா மறைஞ்சு போகுது. ஆனா நடந்து போறவங்களுக்கு மறையல. கார்ல வந்த எனக்கும் மறையல. உயரமான சீட்டுல உக்காந்து ஓட்டுறவருக்கு மட்டும்தான் அந்தக் கிளை மறைக்குது. லாரிக்காரர், பஸ்காரர். போன வருஷம் மோதினதும் லாரிதான். ஆக, இதைக் கண்டுபிடிச்சவர் பெரிய வண்டி ஓட்டுறவர். ஊராட்சி ஆளுக திருப்பி வச்ச ஒவ்வொரு தடவையும் மறுநாளே நகர்ந்திருக்கு. அதனால அவர் தினமும் இந்த வழியா வர்றவர். கடை திறக்குற ஆறு மணிக்கு முன்னாடியே வர்றவர்."

அவர் காகிதத்தைப் பிரித்தார். "இது பலகைக்கு அடியில கிடந்தது. இங்க பூ உதிரியாத்தான் போகும். தொடுத்த சரம் கிடையாது. வாடின சரத்தைத் தினமும் காலையில கழட்டிப் போடுறது யாரு?"

எல்லோர் பார்வையும் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் போனது.

மலைச்சாமி டீ கிளாஸை வைத்துவிட்டு முன்னால் வந்தார். "நாந்தான் மேடம். ஆண்டனி அண்ணனைப் பிடிச்சது இந்த ட்ரிப்பு எடுக்குறப்பத்தான் தெரியும். நானே ஸ்டேஷனுக்குப் போறதாத்தான் இருந்தேன். எஸ்.ஐ. சார், என்னையக் கூட்டிட்டுப் போங்க."

"பொறுங்க" என்றார் குர்ஷித் பேகம். "நான் இன்னும் முடிக்கல. அந்த ரெண்டு வாளியையும் நீங்க ஒருத்தரா தூக்கினீங்க? இழுத்த தடமே இல்லையே. ரெண்டு வரிசையா சின்னச் செருப்புத் தடம்தான் இருக்கு. அதுவும் பாரம் சுமந்த மாதிரி ஆழமா."

கருப்பம்மாள் கம்பி வைத்த காலை ஊன்றி ஓரடி முன்னால் வந்தார்.

"அவரு வழி சொன்னாரு. தூக்குனது நானு."

"நானுந்தான்" என்றாள் பின்னால் ஒருத்தி. "நானும் ஒரு கை பிடிச்சேன்." "கல்லு கொண்டாந்தது நானு!" குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. எஸ்.ஐ. மரியசெல்வம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எண்ணிப் பார்த்து, மூடினார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார்.

"சொன்னோம் சார்" என்றார் கருப்பம்மாள். "ஊராட்சியில போய் மறைக்குதுன்னு சொன்னோம். கோர்ட்டு ஆளுக வச்ச போர்டு, தொட்டா ஜெயிலுன்னு சொல்லிட்டாக. நாங்க தெனம் ரெண்டு தடவை இந்த ரோட்டைத் தாண்டுறோம். மறுபடி ஒருத்தி அடிபடுறதுக்கு ஜெயிலே தேவலைன்னு தோணுச்சு. காலையில அண்ணனைக் கூட்டிட்டுப் போனதுல இருந்து எங்களுக்குள்ள ஒரே சண்டை, யாரு போய்ச் சொல்றதுன்னு."

குர்ஷித் பேகத்தின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. கிளை மறைப்பதைச் சொல்ல வந்தவர்களை மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள், தன் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி. அதுதான் அவரை உறுத்தியது.

"மேடம், இப்ப நான் யார் மேல கேஸ் எழுதுறது?" என்றார் எஸ்.ஐ.

"திருட்டுன்னா நேர்மையில்லாத எண்ணம் வேணும் சார். இவங்க எண்ணத்துல எனக்கு ஒரு குறையும் தெரியல. எழுதியே ஆகணும்னா, பஸ்ல ஏறிப் பார்க்காம கார்ல வந்து இடம் பார்த்த ஒரு அரசு வழக்கறிஞர் மேல எழுதுங்க. சாட்சிக்கு எங்க பலகையே இருக்கு." அவர் பழனிக்குமாரைக் காட்டினார்.

கடை முழுவதும் சிரிப்பு வெடித்தது. ஆண்டனிராஜும் அன்று முதல்முறையாகச் சிரித்தார். எஸ்.ஐ. மரியசெல்வம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போய், "மன்னிச்சுக்கங்கண்ணே. சேத்தைப் பார்த்து ஏமாந்துட்டேன்" என்றார். "ஒரு டீயைப் போட விடுங்க சார், எல்லாம் சரியாப் போகும்" என்றார் ஆண்டனிராஜ்.

அடுப்பு எரிந்தது. குர்ஷித் பேகம் பெஞ்சிலேயே உட்கார்ந்து நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பலகை இப்போதிருக்கும் இடத்திலேயே நிலையாகப் பதிக்கப்பட வேண்டும், கிளையை வெட்ட வேண்டும், கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு போட வேண்டும். கீழே 'இடத்தைத் தேர்வு செய்தவர்கள்' என்று எழுதி, பெண்கள் இருபது பேரிடமும் மலைச்சாமியிடமும் பெயர் கேட்டு வரிசையாகச் சேர்த்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவதற்கு மலைச்சாமியை அழைத்தார். "எனக்கு மைக்குன்னா உதறும் மேடம்" என்று அவர் பின்வாங்கப் பார்த்ததைப் பெண்கள் விடவில்லை.

பஸ் கிளம்பும் நேரம். வடமதுரைப் பக்கமிருந்து செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வேகமாக வந்தது. பேச்சு தானாக நின்றது. எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். பலகையை நெருங்கியதும் லாரியின் பிரேக் முனகியது. அது ஊர்ந்து ஊர்ந்து வளைவைத் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து நின்றேவிட்டது. டிரைவர் கவலையோடு தலையை நீட்டினார்.

"என்னம்மா இம்புட்டுக் கூட்டம்? ஏதும் ஆக்சிடெண்டா?"

"இல்லப்பு" என்று கருப்பம்மாள் சத்தமாகச் சொன்னார். "நீ மெதுவா வந்த பாரு, அதைத்தான் நின்னு பார்க்குறோம்!"

கையை நீட்டி லாரியை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் மற்றப் பெண்களை அழைத்துக்கொண்டு நிதானமாகச் சாலையைக் கடந்து பஸ்ஸில் ஏறினார்.