ஃபோட்டோவில் இருந்த சிட்டு

"இது என் சிட்டு இல்லைங்க" என்று சொல்லிக் கூண்டை மேசைமேல் வைத்தாள் கமலினி. உள்ளே ஒரு பழுப்பு ஃபெரெட், கீரிப்பிள்ளை போன்ற நீண்ட உடலைச் சுருட்டிக்கொண்டு, சிவந்த கண்களால் பார்த்தது.

உறையூரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் மெஹ்ரீன் அமைதியாகக் கேட்டாள். உதவியாளன் கேஷவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

பத்ரி யாத்திரை போகும்போது, சிட்டுவை எடமலைப்பட்டி புதூரில் சுரேஷ்குமாரின் செல்லப்பிராணிக் கடையில் விட்டிருந்தாள் கமலினி. திரும்பியதும் அவர் கொடுத்தது இதை. குட்டியில் சிட்டு பழுப்புதான். ரோமம் உதிர்ந்து முளைக்கும்போதெல்லாம் வெளுத்து, இப்போது முழு வெள்ளை. புதுப் படங்கள் இருந்த ஃபோன் பத்ரியில் ஆற்றோடு போனது. அதை அங்கிருந்தே சுரேஷ்குமாரிடம் புலம்பியிருந்தாள். மிஞ்சியது மாமனார் ராஜகோபாலனிடம் இருந்த குட்டிப் படம் ஒன்றுதான்; அதன் பிரதி கடைப் பதிவேட்டிலும் ஒட்டியிருந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் சாட்சியும் கிடையாது. அவளைத் தவிர அங்கே மாமனார் மட்டும்தான்; மாமிசம் தின்னும் பிராணி என்று அவர் சிட்டு இருந்த மாடிப்பக்கமே வந்ததில்லை. சிட்டு பின்படி வழியாகத்தான் போய்வரும். இதையும் கடையில் விடும்போது சொல்லியிருந்தாள். ஃபோட்டோவில் இருக்கிறபடியே இருக்கிறது, வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்றுவிட்டார் அவர்.

"நான் பேசாம இருக்க மாட்டேன்" என்றாள் கமலினி.

கமலினியோடும் பழுப்புக் கூண்டோடும் சுரேஷ்குமாரின் கடைக்குப் போன மெஹ்ரீன், ராஜகோபாலனையும் அங்கே வரவழைத்தாள். வேண்டா வெறுப்பாக வந்து நின்றார். உள்கூண்டில் ஒரு வெள்ளை ஃபெரெட் கறுகறுவென்று விழித்தது.

"அது என்னோட பழைய ஆல்பினோங்க, பிறவி வெள்ளை. சாயங்காலம் ஒருத்தர் எடுத்துட்டுப் போறார்" என்றார் சுரேஷ்குமார். பழுப்பின் சிவந்த கண்ணைப் பார்த்து, நோய்தான், சொட்டு மருந்து போடலாம் என்றான் கேஷவ்.

"நோய் வந்தா கண்ணோரம் சிவக்கும், கேஷவ். இதுக்குக் கண் பாப்பாவே சிவப்பு. ஆல்பினோவுக்கு மட்டும்தான் அப்படி. பழுப்பு ஃபெரெட்டுக்குக் கறுத்த கண்ணுதான். அந்த வெள்ளையோட கண்ணைப் பாருங்க, அது எப்படி ஆல்பினோ ஆகும்?"

மெஹ்ரீன் பழுப்பின் முதுகு ரோமத்தை வகிடு பிரிப்பதுபோல் விலக்கினாள். அடியில் அத்தனையும் வெள்ளை.

"உங்க ஆல்பினோவுக்கு ஃபோட்டோவைப் பார்த்துச் சாயம் பூசினீங்க. கறுப்புக் கண் வெள்ளை அபூர்வம், அதுக்கு நல்ல விலை கொடுக்க ஆள் கிடைச்சுட்டாங்க. இவங்க வீட்டுல யாரும் சிட்டுவைப் பார்த்ததில்லைங்கிற தைரியம் உங்களுக்கு."

சுரேஷ்குமார் உள்கூண்டைத் திறந்தார். வெள்ளை ஃபெரெட் ஒரே ஓட்டமாக வந்து கமலினியின் பைக்குள் புகுந்துகொண்டது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பழுப்புக் கூண்டையும் கையில் எடுத்தாள்.

"சாயம் பூசினவர்கிட்ட இதையும் விட மாட்டேன்."

கிடைத்ததோடு கிளம்பு, இரண்டையும் பின்படி வழியாகக் கொண்டுபோய்விடலாம் என்று முணுமுணுத்தார் ராஜகோபாலன்.

"இனிமே பின்படி கிடையாதுப்பா. ரெண்டும் வாசல் வழியாத்தான் வரும். நீங்களும் நன்னாப் பாத்துக்கோங்கோ. நாளைக்கு யாராவது கேட்டா, சாட்சி சொல்லணுமே."

ராஜகோபாலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதன்முறையாகப் பைக்குள் குனிந்து பார்த்தார்.