சாயம் பட்ட விரல்

“விரலைக் காட்டுங்க...”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் குனிந்தபடியே சொன்னான். அவள் இடது கையை நீட்டினாள். மைக்குச்சி பாதி வழியில் நின்றது. அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள்... ஆனாலும் கனிவான கண்கள்.

“ஏங்க, ஏற்கெனவே மை இருக்கே?”

“மை இல்ல சார், சாயம். சாயப்பட்டறையில வேலை பாக்குறேன்.”

“நகக்கண் வரைக்கும் இருக்கே...”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். “காலையில ஒரு ஓட்டு, மத்தியானம் ஒரு ஓட்டா?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. அப்பா போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். இந்த வார்டில் பெயர் சேர்க்க வேலைக்கு லீவு போட்டு அலைந்தாள். முகவரிச் சான்று கேட்டார்கள். வீடு அண்ணன் பெயரில் என்றதும் அண்ணனையே கூட்டி வரச் சொன்னார்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டான். இது அவளுடைய முதல் ஓட்டு. இப்போது திருப்பி அனுப்பினால் ஓட்டும் போய்விடும், கள்ள ஓட்டுப் போட வந்தவள் என்ற பேச்சும் தெருவில் நிற்கும்.

பின்னால் நின்ற அண்ணி விடவில்லை. அவளுடைய இரண்டு கைகளையும் இழுத்து மேசைமேல் விரித்தாள்.

“நல்லா பாருங்க தம்பி. பத்து விரலும் நீலம். பத்து ஓட்டு போட்டுட்டாளா?”

சிரிப்பு இப்போது அவன் பக்கம் திரும்பியது. அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தேர்தல் வேலைக்கு அனுப்பப்பட்டவன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தான்.

“மையா இருந்தா போகாது... பாத்துடுவோம்.”

அவள் விரலைப் பிடித்துத் தேய்த்தான். பஞ்சு நீலமானது. வெளியே சட்டென்று மழை பிடித்தது. சன்னல் வழியே ஈரக்காற்று வந்தது. அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்...

“சாயம்தான். ஓட்டுப் போடுங்க,” என்று மை வைத்தான்.

வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டிக்குள் விட்டபோதுதான் அவளுக்கு மூச்சே திரும்பியது. கண்ணில் நீர் துளிர்த்தது. அப்பாடா...

மழைக்காக வராந்தாவில் ஒதுங்கியவளிடம் அவன் வந்தான். “மன்னிச்சுக்கங்க...” அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான்.

“சந்தேகப்பட்டது ஊர் கேக்க. மன்னிப்பு மட்டும் ரகசியமா?”

கொட்டும் மழையில் இறங்கி நடந்துவிட்டாள். அண்ணி குடையோடு பின்னால் ஓடினாள்.

மறுவாரம் பட்டறை வாசலில் அவன் நின்றான். கொப்பரைகள் கொதிக்கும் இரைச்சலுக்கு மேலே கத்தினான். “இவங்க நேர்மையா ஓட்டுப் போட வந்தவங்க! தப்பா நினைச்சது நான்!”

எல்லாக் கைகளும் நின்றன.

“கேட்டாச்சு சார்,” என்றார் மேஸ்திரி. “இவளைக் கூட்டிட்டு வெளியே போய்ப் பேசுங்க. இங்க கை நின்னா துணியில சாயம் திட்டுத்திட்டாயிடும்!”

வெளியே வந்ததும் அவனுடைய தைரியம் வடிந்துவிட்டது. செருப்பையே பார்த்தான்.

“இன்னொண்ணும் சொல்லணும்... சாயம்னு முதல் தேய்ப்பிலேயே தெரிஞ்சுடுச்சு. அப்புறம் தேய்ச்சது... கையை விட மனசு வரல.”

அவள் முகம் சிவந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“பஞ்சு நீலமானதை நானும்தான் பாத்தேன்,” என்றாள் மெதுவாக. “கையை இழுத்துக்கிட்டேனா...?”