ஒன்பதாம் குழியருகே ஆறு நிமிடம்

"ஏங்க... ஏங்க! அந்தக் கால வைக்காதீங்க!"

அவள் திரும்பினாள். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். ரப்பர் பூட்ஸும், கையில் குழி வெட்டும் இரும்புக் குழாயும், நெற்றியில் ஒட்டிய ஈர முடியுமாக ஒருவன் ஓடிவந்துகொண்டிருந்தான். அந்த வேகத்தைப் பார்த்தால், அவள் ஏதோ தூங்கும் குழந்தையை மிதிக்கப் போனவள் போலிருந்தது.

"இது கிரீன். குழி இருக்கற இடம். மலையேறுற இந்தப் பூட்ஸோட ஏறினா, நான் ரெண்டு மாசம் வளர்த்தது ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

"புல்லுதானே... வளர்ந்துடும்."

"பல்லுகூடத்தான் வளரும். அதுக்காக யாராவது குத்து வாங்குவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. விட்டுக்கொடுப்பாளா... உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவன் பார்வை அவள் கைகளுக்கு இறங்கியது. இடது மணிக்கட்டில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கடிகாரம். வலதில் கறுப்பாக, தடியாக, ஆமை ஓடு போல இன்னொன்று.

"ரெண்டு கையிலயும் கடிகாரமா? நேரம் அவ்வளவு மோசமா உங்களுக்கு?"

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் கெட்டுச்சு."

அப்போதுதான் அவன் சிரித்தான். முதலில் கண்கள் சிரித்தன... உதடுகள் அப்புறம்தான் சேர்ந்துகொண்டன. தூறல் விழ ஆரம்பித்திருந்த அந்தக் காலையில், தான் எதற்கு வந்தோம் என்பதே ஒரு கணம் அவளுக்கு மறந்துபோயிற்று.

வந்தது வேலைக்காகத்தான். பொருள்களைச் சோதித்துப் பார்த்து எழுதும் பத்திரிகை ஒன்றில் அவள் நிருபர். 'கோல்ஃப் ஆடுகிறவர் அதற்கென்றே செய்த கடிகாரத்தை வாங்குவதா, ஓட்டம், நீச்சல், மலையேற்றம் என்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் முரட்டுக் கடிகாரத்தை வாங்குவதா?' இதுதான் ஆசிரியர் அம்மா கொடுத்த கேள்வி. கோல்ஃப் மட்டையைப் பிடிக்கவே தெரியாதவளிடம் கேட்ட கேள்வி!

மைதானத்துப் புல்வெளி முழுவதும் அந்த ரப்பர் பூட்ஸ்காரன் பொறுப்பு. வேண்டா வெறுப்பாக என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தான். ஏழாவது குழிக்கு முன்னால் நின்றார்கள். வெள்ளைக் கடிகாரம் நூற்று முப்பத்தெட்டு கஜம் என்றது. கறுப்பு நூற்று நாற்பத்தைந்து என்றது.

"நூத்தி நாப்பத்தொண்ணு," என்றான் அவன், எதையும் பார்க்காமல்.

"எப்படிச் சொல்றீங்க?"

"உங்க கடிகாரங்களுக்குக் கிரீனோட நடு எதுன்னு தோராயமாத்தான் தெரியும். குழி இன்னைக்கு எங்கன்னு எனக்குத்தான் தெரியும். தெனமும் காலையில இடம் மாத்தி வெட்டுறது நான்தானே?"

நம்பாமல் அளவுச் சக்கரத்தை வாங்கி உருட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்தொன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தப்பா இருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்று கேட்டான். அந்தக் கண்களில் குறும்பு... அவள் வேகமாகக் குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் கொஞ்சம் சீக்கிரமே வந்தாள். கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். 'வெயில் கூசாம இருக்கத்தான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வானத்தில் வெயிலின் பொட்டுகூட இல்லை.

அன்றைக்குக் கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு யாராவது ஒழுங்காக ஆட வேண்டும். அதற்கு அவன் ஏற்பாடு செய்திருந்த ஆள், மைதானத்தின் பயிற்சியாளர். நெடுநெடுவென்று ஒரு பெண். ஓங்கி அடித்தால் பந்து கண்ணுக்கே தெரியாமல் போனது.

"டேய் புல்லு! இந்தம்மாதான் உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவங்களா?"

புல்லு! எத்தனை உரிமையோடு கூப்பிடுகிறாள்... நிருபர் சிரித்து வைத்தாள். பயிற்சியாளரின் நீண்ட கைகளில் கடிகாரங்களைக் கட்டிவிட்டாள். கறுப்பின் வாரை ஒரு துளை கூடுதலாகவே இறுக்கினாள்.

"ஐயோ, ரத்தம் ஓடட்டும்ங்க," என்று சிரித்தாள் பயிற்சியாளர். கறுப்பு கனமாக இருப்பதால் மட்டை வீசும்போது இடிக்கிறது என்றாள், வெள்ளை கட்டியிருப்பதே தெரியவில்லை என்றாள். எல்லாம் உருப்படியான தகவல்கள். நிருபரின் பேனாவோ வேறொன்றைப் பார்த்து நின்றுவிட்டது. அவன் தோளில் ஒட்டியிருந்த புல்லைப் பயிற்சியாளர் போகிறபோக்கில் தட்டிவிட்டாள். அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை... தினமும் நடப்பது போல.

ஆறாவது குழியில் மழை வலுத்தது. "நீங்க நனைய வேணாம், மைதானக் கட்டடத்துல உக்காருங்க. நாங்க முடிச்சிட்டு வர்றோம்," என்றான். நாங்க! கண்ணாடிச் சன்னலில் மழை கோடு கோடாக இறங்கியது. அதற்கு அப்பால், ஒரே குடைக்குள் இருவர் சின்னதாகிக்கொண்டே போனார்கள். அவள் முன்னாலிருந்த தேநீர் ஆடை கட்டிப்போயிற்று.

ஆட்டம் முடிந்து பயிற்சியாளர் கறுப்பை மட்டும் கழற்றித் தந்தாள். வெள்ளையை இன்னொரு நாள் கட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். பிற்பகல் அலுவலகத்தில் நிருபர் அந்தக் கறுப்புக் கடிகாரத்தின் பதிவுகளைக் கணினியில் திறந்தாள். இரண்டிலும் பெரிய வித்தியாசம் இதுதான். வெள்ளைக்குத் தூரம் மட்டுமே தெரியும், கறுப்புக்கு உடம்பும் தெரியும். எங்கே நடந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், இதயம் எப்படித் துடித்தது... அத்தனையும் வரைபடத்தில்.

எட்டாவது குழிவரை சீரான துடிப்பு. ஒன்பதாவதில் பயிற்சியாளர் ஆறு நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறாள். அந்த ஆறு நிமிடமும் துடிப்பு மலைபோல் ஏறியிருக்கிறது. ஓடாமல், ஆடாமல், சும்மா நின்றவளுக்கு! இடம்? அவனுடைய கருவிகள் இருக்கும் கொட்டகையின் வாசல்.

'எனக்கென்ன? ரெண்டு நாள் பழக்கம். எவ கூட நின்னா எனக்கென்ன?' என்று கேட்டுக்கொண்டே அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி பெரிதாக்கினாள். என்ன பேசியிருப்பார்கள்... கையைப் பிடித்திருப்பானோ... அந்தச் சிரிப்பை, முதலில் கண்ணில் தொடங்குகிற அந்தச் சிரிப்பை, அவளுக்கும் கொடுத்திருப்பானோ...

பொறாமைக்குக் கண் தெரியாது என்பார்கள். ஆனால் அதற்குக் கை உண்டு. அந்தக் கை கட்டுரையின் நடுவே ஒரு வரியைத் தட்டியது. 'மைதானப் பராமரிப்பாளர் சொல்லும் தூரக் கணக்கும் நம்பும்படியாக இல்லை.' அனுப்பியும் விட்டது.

அடுத்த நாள் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. ஈரத்தில் கடிகாரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வருவதாக அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள். வீட்டில் அக்கா, "யார் கூட சண்டை?" என்று கேட்டாள். "யாரும் இல்லையே." "பின்ன எதுக்கு அந்தத் தட்டைப் போட்டு இப்படித் தேய்க்கிற? பூவெல்லாம் அழிஞ்சிடப் போகுது."

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, அலுவலக வரவேற்பறையில் பயிற்சியாளர் நின்றிருந்தாள். கையில் வெள்ளைக் கடிகாரம்.

"திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்." தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். அந்தக் கறுப்பு... படபடப்பு எல்லாம் காட்டுமாமே? நேத்துதான் ஒருத்தர் சொன்னாரு."

நிருபரின் காதுகள் சூடேறின. "காட்டும். பார்த்தேன். ஒன்பதாவது குழி... வேலைக்கு அது வேணாம்தான். ஆனா பார்த்தேன். மன்னிச்சிடுங்க."

பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கடிகாரத்தின் வாரை மடித்தாள், நீட்டினாள்.

"எனக்கு வேற ஊர் மைதானத்துல வேலை கெடைச்சிருக்கு. நீயும் வர்றியான்னு அவனைக் கேட்டேன். வேலைக்கு மட்டும் கூப்பிடலன்னு அவனுக்கும் புரிஞ்சது. அஞ்சு வருஷமாச் சொல்லாததைச் சொல்ல ஆறு நிமிஷம் ஆச்சு. அவன் இல்லைன்னு சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகல."

"ஐயோ..."

"நீங்க எதுக்கு ஐயோங்கறீங்க? பேசிக்கிட்டு நிக்கும்போதே அவன் கண்ணு கட்டடத்துச் சன்னல் பக்கமே போச்சு. யாரு உக்காந்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா?" பயிற்சியாளர் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுபோயிற்று. "உண்மையைச் சொல்றேன்... அன்னைக்கு உங்க மேல எனக்கு வந்த பொறாமை இருக்கே. கையில கட்டின கடிகாரத்தை அப்படியே குளத்துல வீசியிருப்பேன்."

இவள் யாரைப் பார்த்து இரண்டு நாளாக வெந்துகொண்டிருந்தாளோ, அவள் இவளைப் பார்த்து வெந்திருக்கிறாள்! நிருபர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை விலகவில்லை. வாசல்வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

திரும்பி வந்தவள் நேராக ஆசிரியர் அம்மாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"அம்மா, கோல்ஃப் கட்டுரையில ஒரு வரி பொய்."

"தப்பா, பொய்யா?"

"பொய்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆசிரியர் அம்மா பார்த்தார். "பக்கம் பன்னெண்டு மணிக்கு அச்சுக்குப் போகுது. எந்த வரி?"

சொன்னாள். நூற்று நாற்பத்தொன்றைச் சொன்னாள், சக்கரம் உருட்டியதைச் சொன்னாள். ஏன் எழுதினாள் என்று கேட்டபோது தரையைப் பார்த்தாள். ஆசிரியர் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. "அடுத்த மூணு இதழுக்கு உனக்குக் கட்டுரை கிடையாது. இப்ப உக்காந்து திருத்து."

திருத்தினாள். வாரத்துக்கு இரண்டு முறை கோல்ஃப் மட்டுமே ஆடுகிறவருக்கு மெல்லிய வெள்ளை போதும், ஓடவும் நீந்தவும் செய்கிறவருக்கு அடிக்கடி மின்னேற்றம் கேட்காத கறுப்பு என்று முடித்தாள். இரண்டையும்விடத் துல்லியமாகச் சொன்னவர் மைதானப் பராமரிப்பாளர் என்று எண்களோடு சேர்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மைதானத்தில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தேங்கிய நீரை ஒரு நீளத் துடைப்பானால் தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். கை நிற்கவில்லை.

"சோதனை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்."

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்." மூச்சு வாங்கியது. "உங்க கணக்கை நம்ப முடியலன்னு கட்டுரையில எழுதினேன். பொய்னு தெரிஞ்சே எழுதினேன். இப்ப எடுத்துட்டேன்."

துடைப்பான் நின்றது. "எடுத்துட்டா சரியாப் போச்சா? பதினோரு வருஷம் மண்ணுல கெடந்து கத்துக்கிட்டதுங்க அது. உங்களுக்கு அது ஒரு வரி."

"சரியாப் போகாது. தெரியும்."

"நான் என்ன பண்ணினேன் உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. பொறாமை..." குடையை அவள் எப்போது தாழ்த்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. "அவங்க உங்களை உரிமையாக் கூப்பிட்டாங்க. தோள்ல புல்லைத் தட்டினாங்க. எனக்குத் தாங்கல. ரெண்டு நாள் பார்த்தவரு மேல எனக்கென்ன உரிமைன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்... மனசு கேக்கல. பிடிச்சுப்போச்சு. அதுக்கு உங்க வேலை மேல கை வெச்சது தப்பு. அவ்வளவுதான்."

திரும்பி நடந்தாள். நாலைந்து அடிதான் வைத்திருப்பாள்.

"நேத்து நாலு தடவை வாசல் கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன்," என்றது குரல்.

அவள் நின்றாள்.

"நாலாவது தடவை காவல்காரர் கேட்டாரு... 'யாருப்பா வரணும், சொந்தக்காரங்களா?'ன்னு. எனக்குப் பதில் தெரியல. முழிச்சுக்கிட்டு நின்னேன்." பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று நெருங்கி வந்தது. "கோவம் இன்னும் போகலைங்க. போக நாளாகும். ஆனா நாளைக்கும் அவர் கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

மழையில் அவன் முகம் கலங்கலாகத் தெரிந்தது. கண்கள் மட்டும் தெளிவாக... காத்துக்கொண்டு.

"ஆமான்னு சொல்லுங்க," என்றாள் அவள்.